பிள்ளை போன இயக்குநர்

இனிஷியலும் சொந்த ஊரும் வேறு வேறாக இருந்தால் இரண்டு பேருக்கு நடுவே உறவு கிடையாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இப்படி நம்பினால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் இதை ஆராய்ச்சி விதியாக எழுதினேன், அச்சில் ஏற்றினேன், போதாததற்கு ஒரு பெண்ணின் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு அஸ்திவாரமாகவும் போட்டுக் கொடுத்தேன். அதுவும் எங்கே இருந்துகொண்டு? காரைக்குடியில். வடக்கே எங்கோ பிறந்து வளர்ந்தவர் இந்தத் தப்பைச் செய்திருந்தால், பாவம், தெரியாதவர் என்று விட்டுவிடலாம். நான் சிங்கம்புணரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, காரைக்குடியில் படித்து, காரைக்குடியிலேயே வேலைக்குச் சேர்ந்து, இங்கேயே தலை நரைத்தவன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பெயர்ப் பலகையில் கணக்குப்பதிவியல் பேராசிரியர். தெருவில் காமர்ஸ் வாத்தியார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் ஆராய்வது ஒரே விஷயத்தைத்தான்: பெரிய கம்பெனிகளை நடத்துகிறவர்களுக்கு எவ்வளவு சம்பளம், அதை யார் தீர்மானிக்கிறார்கள். கம்பெனிகளின் ஆண்டறிக்கையை எல்லோரும் முன்னாலிருந்து படிப்பார்கள். முன்னால் கோயில் கோபுரம் மாதிரி வண்ணப் படங்கள் இருக்கும். நான் பின்னாலிருந்து படிப்பேன். எம்.டி. சம்பளம் ஒரு நடுத்தர ஊழியரின் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு என்று பொடி எழுத்தில் அங்கேதான் போட்டிருப்பார்கள்.

கல்யாணமான புதிதில் என் மாமனார் இதைக் கேட்டுவிட்டு வருத்தப்பட்டார். "அவுக கம்பெனி, அவுக காசு, அவுக எடுத்துக்கிறாக. நடுவுல உங்களுக்கென்ன மாப்பிள்ளை?" என்றார். நான் விளக்கினேன். பங்குச் சந்தையில் பங்கு விற்ற பிறகு கம்பெனி அவர்களுடையது மட்டுமில்லை, பங்கு வாங்கிய எல்லோருடையதும்தான். முதலாளி தனக்குத் தானே சம்பளம் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே, குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத சிலரை இயக்குநர்களாக உட்கார வைக்கிறார்கள். சார்பற்ற இயக்குநர்கள் என்று பெயர். சம்பளத்தைப் பேசி முடிக்கும் ஊதியக் குழுவுக்கு அவர்களில் ஒருவர்தான் தலைவர். எம்.டி. கூட்டிக் கேட்டால் 'முடியாது' என்று சொல்ல வேண்டிய வாய் அவருடைய வாய். அந்த வாய் நிஜமாகவே திறக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. மாமனார் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்ப உங்க சம்பளத்த யாரு முடிவு பண்றாக?" என்றார். அரசாங்கம் என்றேன். "அதான், அதுல பேச ஒண்ணுமில்லன்னு மத்தவுக சம்பளத்தப் பேசுறீக" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

மாமனாரை விடுங்கள். இந்தக் கதையில் மாட்டிக்கொண்டது என் மாணவி. முப்பதைத் தாண்டியவர், இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ ஆசிரியர் குடும்பம், ஒரு தனியார் கல்லூரியில் பல வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். மாணவி என்றாலும் என்னைவிட ஒழுங்கானவர். அவருடைய கல்லூரியில் நிரந்தர இடம் ஒன்று காலியாகியிருந்தது. முனைவர் பட்டம் வந்துவிட்டால் அவருக்கு, வராவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு. அதற்கு முன்னால் இருந்தது வாய்மொழித் தேர்வு, எங்கள் பேச்சில் வைவா. ஆய்வேடு சமர்ப்பித்தாகிவிட்டது, வைவாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, வெளித் தேர்வாளருக்கு ரயில் டிக்கெட் போட்டாகிவிட்டது. 'திருத்தி மறுபடி கொடு' என்று தேர்வாளர் சொன்னால் ஆறு மாதமாவது இழுக்கும். இடம் போய்விடும்.

அவருடைய ஆய்வேட்டின் வாதம் சுருக்கமானது. ஊதியக் குழுத் தலைவர் முதலாளி குடும்பத்துக்கு உறவாக இருந்தால், லாபம் விழுந்தாலும் எம்.டி. சம்பளம் ஏறும். உறவில்லாதவராக இருந்தால், லாபம் விழும்போது சம்பளமும் நிற்கும். இதற்கு யார் யாருக்கு உறவு என்று முதலில் தெரிய வேண்டும். அங்கேதான் நான் நுழைந்தேன். ஆண்டறிக்கையில் உறவென்று சொல்லியிருந்தால் உறவு. சொல்லாவிட்டால், இனிஷியலைப் பார், சொந்த ஊரைப் பார், முகவரியைப் பார். மூன்றும் வேறென்றால் அந்நியர். நான் முன்பே ஒரு கட்டுரையில் இந்த விதியை எழுதி, அடியில் 'ஆய்வாளரின் உள்ளூர் அறிவு இதற்குப் பெரிதும் உதவியது' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். அந்த வரியை இப்போது படித்தால் காது சுடுகிறது.

இந்த விதிக்கு நாங்கள் இருவரும் காட்டிய நட்சத்திர உதாரணம் ஒரு நூல் மில் கம்பெனி. பெயர் வேண்டாம். குடும்பம் இந்தப் பக்கத்துச் செட்டியார் குடும்பம், கம்பெனி பங்குச் சந்தையில் இருப்பது. ஒரு மோசமான வருடத்தில் எம்.டி.க்குச் சம்பள உயர்வு வேண்டும் என்று வந்த யோசனையை ஊதியக் குழுத் தலைவர் திருப்பி அனுப்பிவிட்டார். அது அபூர்வம். தலைவரின் இனிஷியல் வேறு, ஊர் வேறு, முகவரி வேறு. ஆய்வேட்டில் அவருக்கென்று ஒரு முழு அத்தியாயம். என் கட்டுரையில் 'துணிச்சலான சார்பின்மை' என்று ஒரு பட்டம்.

வைவாவுக்கு முந்தின வாரம் என் பழைய மாணவன் ஒருவனுக்குக் கல்யாணம், காரைக்குடிக்கு வெளியே ஒரு ஊரில். பந்தியில் உட்கார்ந்து வெண்டைக்காய் மண்டியில் கை வைக்கிறேன், எதிரே என் இரண்டு கதாபாத்திரங்களும் நிற்கிறார்கள். எம்.டி. ஒரு பக்கம் பரிமாறுகிறவர்களை விரட்டிக்கொண்டிருக்கிறார். ஊதியக் குழுத் தலைவர் இலை இலையாகக் குனிந்து என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வருகிறார். ஆண்டறிக்கைப் படத்தில் பார்த்த முகங்கள். எனக்கு ஒரே பெருமை. பக்கத்து இலைக்காரரிடம், மாப்பிள்ளைக்கு ஏதோ பெரியப்பா முறை, வாய் ஓயாதவர், அவரிடம் காட்டி, தொழிலில் கறாராக இருந்தாலும் இந்த இரண்டு பேருக்கும் எவ்வளவு நட்பு பாருங்கள் என்றேன்.

"நட்பா?" என்றார் அவர். "ரெண்டு பேரும் ஒரு வயித்துல பொறந்தவுக சார். மூணு ஆம்பளப் பிள்ளையில, இந்தா இலை இலையாக் குனிஞ்சு கேக்குறாகளே, இவுக நடுவுல உள்ளவுக. சின்ன வயசுலயே அங்குட்டு, இளையாத்தங்குடிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் பிள்ளை போயிட்டாக. பாயாசம் வருது, இலையில எடம் விடுங்க."

பிள்ளை போவது என்றால் என்னவென்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். செட்டியார் வீடுகளில் ஆண் வாரிசு இல்லாவிட்டால் பங்காளி வீட்டிலிருந்து ஒரு பையனைப் பிள்ளையாகக் கூட்டிக்கொள்வார்கள். மஞ்சள் நீர் குடித்துச் சடங்காகிவிட்டால் அன்றிலிருந்து அவன் அந்த வீட்டு மகன். தகப்பனார் மாறுகிறார், அதனால் இனிஷியல் மாறும். ஊர் மாறும். வீடு மாறும். அதாவது நான் உறவைக் கண்டுபிடிக்க வைத்திருந்த மூன்று அடையாளங்களையும் ஒரே காலையில் அழித்துவிடும் சடங்கு. அப்படிப்பட்ட விசேஷங்களுக்கு நானே போயிருக்கிறேன். சாப்பிட்டிருக்கிறேன். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டும் வந்திருக்கிறேன். எனக்கு ஒரு தடவையாவது பொறி தட்டியிருக்க வேண்டாமா?

பாயாசம் என் இலைக்கு வரும் முன்பே நான் எழுந்துவிட்டேன். செட்டிநாட்டுப் பந்தியில் பாதியில் எழுந்திருப்பது சாதாரணக் காரியமில்லை. வீட்டுக்காரர்களுக்கு அது அபாயச் சங்கு மாதிரி. கை கழுவும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று பேர் வந்துவிட்டார்கள். என்ன குறை, யார் சரியாகக் கவனிக்கவில்லை, எந்தப் பதார்த்தத்தில் உப்புக் கூடிவிட்டது என்று கேள்விகள். கடைசியில் எம்.டி.யே வந்துவிட்டார். வயிறு சரியில்லை என்றேன். அது பொய்யில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், அதில் என்ன தெரிந்ததோ, உடனே டிரைவரைக் கூப்பிட்டு, சாரை டாக்டரிடம் காட்டி வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வா என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கார் எனக்குப் பழக்கமானது. என் கட்டுரையில், எம்.டி. பெறும் சலுகைகளின் அட்டவணையில் அது ஒரு வரி: கம்பெனி செலவில் வாகனமும் ஓட்டுநரும். அந்த வரிக்குள் நான் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு போனேன். சீட் நன்றாகத்தான் இருந்தது. ஆராய்ச்சியாளரின் நடுநிலை பற்றி நான் முதலாண்டு வகுப்பில் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்து, புதிய பேருந்து நிலையத்தில் இறங்கிக்கொள்கிறேன் என்றேன். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாசல்ல எறக்கிவிடச் சொல்லிருக்காக சார்" என்றார். டாக்டரை மட்டும் கெஞ்சித் தவிர்த்தேன்.

என் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. வாசலில் நின்று, நான் இறங்கியதையும் கார் போனதையும் பார்த்தார். நான் உள்ளே வந்து எல்லாவற்றையும் கொட்டினேன். விதி தப்பு, கட்டுரை தப்பு, ஆய்வேடு தப்பு, பத்திரிகைக்காரர்கள் கட்டுரையைத் திரும்பப் பெறுவார்கள், கல்லூரியில் விசாரணை வைப்பார்கள், விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடலாம், சிங்கம்புணரிக்கே போய் வயலைப் பார்த்துக்கொண்டு மானமாக இருக்கலாம்.

"வயல் எங்குட்டு இருக்குன்னு தெரியுமா?" என்றார் அவர்.

தெரியாது. அது குத்தகைக்குப் போய் வருடக்கணக்காகிறது. இரண்டு வரப்புக்கு நடுவே எங்கோ இருக்கிறது.

"சரி, அது கெடக்கட்டும். உங்ககிட்டப் படிக்கிற அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிட்டீகளா?"

அதுதான் நான் கேட்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டிருந்த கேள்வி. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். காய்ச்சல் அடிக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மனைவி தொட்டுப் பார்த்து, பரீட்சை அன்றைக்கு ஏழாம் வகுப்புப் பையன்களுக்கு வரும் காய்ச்சல்தான் இது, பழையபடி சரியாகிவிடும் என்றார்.

மறுநாள் காலையில் நான் வேறு மனிதனாக எழுந்தேன். சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். பிள்ளை போனவர் போன வீட்டுக்குத்தான் மகன், பிறந்த வீட்டோடு சட்டப்படி கட்டு அறுந்துவிடுகிறது. அப்படியானால் சட்டத்தின் கண்ணில் அவர் எம்.டி.க்கு அண்ணனே இல்லை. நாங்கள் எழுதியது சரி. யாரும் எதையும் திருத்த வேண்டாம். காலைக் காப்பி அப்படி ஒரு ருசி. மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவர் தோசையைத் திருப்பிக்கொண்டே, நேற்றுப் பந்தியிலிருந்து எழுந்து ஓடினது சட்டத்துக்காகவா என்று கேட்டார். நான் சட்டினி கேட்டேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து நேராக என் துறை அறைக்கு வரச் சொல்லி மாணவிக்குப் போன் போட்டேன். வந்தார். முதலில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. எனக்கு வந்ததுபோல வேர்வையோ காய்ச்சலோ இல்லை, வெறுமனே வெளுத்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அவசர அவசரமாகச் சட்டத்தைச் சொன்னேன். வெளித் தேர்வாளர் வெகு தூரத்திலிருந்து வருகிறவர், பிள்ளை கூட்டுவது பற்றி அவருக்கு எதுவும் தெரியாது, தெரிந்தாலும் சட்டம் நம் பக்கம், பேசாமல் வைவாவை முடித்துக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடு, அப்புறம் நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம் என்றேன். ஒரு பேராசிரியன் சொல்லக்கூடிய பேச்சா இது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது எனக்கு ஞானமாகத் தெரிந்தது.

அவர் மேசையில் கிடந்த ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சார், நான் எழுதுனது சட்டத்தப் பத்தி இல்ல. மாட்டேன்னு சொல்ல முடியுமா முடியாதான்னு எழுதிருக்கேன். இப்ப வாய மூடிட்டுப் பட்டம் வாங்கிட்டா, அப்பறம் ஒவ்வொரு கல்யாணத்துலயும் நானும் பந்தியில பாதியில எந்திரிச்சு ஓடணுமா?"

"அப்ப இடம்?"

"அது போனா போகுதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல சார். எங்க வீட்டுல அதத்தான் நம்பி இருக்காக. ஆனா இதச் சொல்லாம உள்ள போயி உக்கார முடியாது." பிறகு கேட்டார்: "அவுக ஏன் தம்பிக்கு முடியாதுன்னு சொன்னாகன்னு நம்ம கேட்டமா?"

கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் ஒரு இயக்குநரையும் நேரில் பார்த்து ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆண்டறிக்கைதான் எனக்கு வசதி. அது திருப்பிக் கேட்காது, காப்பி குடிக்கிறீகளா என்று உபசரிக்காது, பந்தியில் பாதியில் எழுந்தால் பின்னால் வராது. நான் இந்த நல்ல காரணங்களை அவரிடம் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் கல்யாண வீட்டு மாப்பிள்ளைப் பையனுக்குப் போன் போட்டு, ஊதியக் குழுத் தலைவரான அந்தப் பெரியவரின் நம்பரை வாங்கி, சாயங்காலம் வரலாமா என்று கேட்டுவிட்டார். வரலாமாம்.

என்னுடைய ஸ்கூட்டர் முன்னால், அவருடைய வண்டி பின்னால். வழியெல்லாம் நான் ஒரு மன்னிப்புப் பேச்சைத் தயார் செய்துகொண்டு போனேன். மானநஷ்ட வழக்கு என்ற வார்த்தை மண்டையில் பொரிந்துகொண்டே இருந்தது. திருக்கோஷ்டியூர்ப் பெருமாளுக்கு ஒரு விளக்கு நேர்ந்துகொண்டேன். பெருமாளுக்கு ஊதியக் குழு பற்றி எந்த அளவுக்குத் தெரியும் என்று சந்தேகம் வந்ததால் இன்னொன்றும் சேர்த்து நேர்ந்துகொண்டேன்.

பெரியவர் எழுபதை ஒட்டியவர். வீட்டின் முன்பக்கத்தில் கம்ப்யூட்டரும் ஏ.சி.யும் வைத்த சின்ன அறையில் எங்களை உட்கார வைத்தார். முதலில் என் வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டார். தேவலை என்றேன். அடுத்ததாக, நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கும் முன், "உங்க கட்டுரையப் படிச்சேன் புரபசர்" என்றார்.

தயார் செய்து வைத்திருந்த மன்னிப்புப் பேச்சில் முதல் வரியே மறந்துவிட்டது.

"கம்பெனி பேரு போடல. இருந்தாலும் எனக்குத் தெரியாதா? துணிச்சலான சார்பின்மைன்னு எழுதிருந்தீக. எந்தம்பிக்கு வாட்சப்புல அனுப்புனேன். ரெண்டு பேரும் அன்னைக்குப் பூரா சிரிச்சோம். அவன் இப்பவும் எனக்குப் போன் போட்டா, சொல்லுங்க துணிச்சலான சார்பின்மைன்னுதான் ஆரம்பிக்கிறான்."

இத்தனை நேரம் நான் மனதுக்குள் கட்டி வைத்திருந்த நீதிமன்றம், வக்கீல், பத்திரிகைச் செய்தி எல்லாம் அங்கேயே கழன்று விழுந்தன. சிரிக்கிறார்கள் என்றால் வழக்குப் போட மாட்டார்கள். நான் நாற்காலியில் முதல் தடவையாக முதுகைச் சாய்த்தேன். மாணவிக்கு மட்டும் இன்னும் முகம் இறுக்கமாகவே இருந்தது. அவருடைய கவலை இந்த அறையில் முடிகிறதில்லையே.

"ஐயா, தம்பின்னு நீங்க ஏன் கம்பெனியில சொல்லல?" என்று அவர் கேட்டார்.

பெரியவருக்குக் கோபம் வரவில்லை. வக்கீலிடம் கேட்டதாகவும், சட்டப்படி நீங்கள் இந்த வீட்டுப் பிள்ளை, தடையில்லை என்று அவர் சொன்னதாகவும் சொன்னார். இயக்குநர்கள் எல்லோருக்கும் தெரியும் என்றார். ஒளிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, இந்த ஊரில் இது ஒரு ரகசியமா என்று என்னைப் பார்த்தார். நான் ஏ.சி.யைப் பார்த்தேன்.

"அப்ப தம்பிக்குச் சம்பளத்தக் கூட்ட மாட்டேன்னு எப்படிச் சொன்னீக?"

"எந்தம்பியா இருந்ததுனாலதான் வாத்தியாரம்மா சொல்ல முடிஞ்சுச்சு. வேற கம்பெனியிலயும் நான் இதே குழுவுல இருந்துருக்கேன். அங்க எம்.டி. வெளி மனுசன். கூட உக்காந்து சாப்பிட்டுருக்கோம், நல்ல மரியாதையாப் பேசுறாரு, அவரு மூஞ்சியப் பாத்து எப்படி மாட்டேங்கிறது? கேட்டப்பல்லாம் சரின்னுட்டேன். தம்பிகிட்ட என்ன மரியாதை? மில்லு நட்டத்துல ஓடுது, ஒனக்கு என்னடா கூட்டுறதுன்னு கேட்டேன். பொங்கல் வரைக்கும் பேசல. அப்பறம் அவனே வந்துட்டான்."

மாணவி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் ஆய்வேட்டின் நட்சத்திர அத்தியாயம் தலைகீழாகத் திரும்பி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. உறவில்லாதவர் தைரியமாக மறுத்தார் என்று எழுதியிருந்தோம். உறவாக இருந்ததால் மறுக்க முடிந்தது, உறவில்லாத இடத்தில் இதே மனிதர் தலையாட்டினார். எனக்கு மறுபடியும் வேர்த்தது. ஆனால் இது வேறு மாதிரி வேர்வை. இதை எழுதினால் யாராவது படிப்பார்கள் என்று தோன்றும்போது வருவது.

பேரில்லாமல் இதை எழுதலாமா என்று மாணவி கேட்டார். எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, வந்ததும் தனக்கும் ஒன்று அனுப்பச் சொன்னார் பெரியவர், தம்பிக்கு அனுப்புவதற்கு. மாணவி அத்தோடு விடவில்லை. ஆய்வில் இருந்த இந்தப் பக்கத்துக் கம்பெனிகளின் இயக்குநர் பெயர்களை லேப்டாப்பில் திறந்து, இவர்களிலும் இப்படி யாராவது உண்டா என்று கேட்டுவிட்டார். எனக்கு எழுந்து ஓடலாம் போலிருந்தது. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குஷியாக உட்கார்ந்தார். இவர் சம்பந்தி, இவர் பிள்ளை போனவர், இவர் வெறும் ஊர்க்காரர், இவருக்கும் அவருக்கும் பேச்சே கிடையாது என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் காப்பி வந்தது, அதிரசம் வந்தது. நான் அந்நியர் என்று முத்திரை குத்தி வைத்திருந்தவர்களில் பலர் ஒருவர் வீட்டு விசேஷத்தில் ஒருவர் முன்வரிசை. சாப்பிட்ட அதிரசத்துக்குக் கணக்கில்லை. பயம் போனதும் அப்படி ஒரு பசி.

வைவாவுக்கு மிச்சமிருந்த நாட்களில் மாணவி உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி கணக்குப் போட்டார். தமிழ்நாடு முழுவதுக்குமான முடிவு கொஞ்சம் மெலிந்தது, விழவில்லை. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளுக்கு அந்த விதி செல்லாது என்று தெளிவாக வந்தது. அதை ஒரு திருத்தமாக எழுதி, பெரியவர் சொன்னதையும் சேர்த்து, என்னிடம் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார். விதியில் இருந்த தப்பு வழிகாட்டியுடையது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். நான் பேனாவாலேயே எழுதிச் சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கும் எழுதினேன். அடுத்த இதழில் திருத்தம் போடுகிறோம், தெரிவித்ததற்கு நன்றி என்று ஒரு பதில் வந்தது. அவ்வளவுதான். விசாரணை இல்லை, வயலும் இல்லை. நான் கல்யாண வீட்டிலிருந்து எழுந்து ஓடிய ஓட்டத்துக்கு உலகம் கொடுத்த பதில் அந்த ஒரு வரி.

வைவா அன்றைக்கு எனக்குத்தான் தேர்வு மாதிரி இருந்தது. முழுக்கைச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். வெளித் தேர்வாளர் சிரிக்காத மனிதர். மாணவி எழுந்து, வணக்கம் சொல்லி, முதல் வேலையாக, ஆய்வேட்டில் ஒரு தப்பு இருக்கிறது என்று ஆரம்பித்தார். தேர்வாளர் தலையைத் தூக்கினார். நான் என் முன்னாலிருந்த தண்ணீரைக் குடித்தேன். அது தேர்வாளருக்கு வைத்திருந்த தண்ணீர்.

பிள்ளை போவது என்றால் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. மாணவி பலகையில் இரண்டு வீடு வரைந்து, ஒரு பையனை அங்கிருந்து இங்கே கொண்டுவந்து காட்டினார். சமர்ப்பிக்கும் முன்னால் தெரியுமா, பின்னால் தெரியுமா என்று தேர்வாளர் கேட்டார். பின்னால் என்றார். தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பெரியவர் வீட்டுக்குப் போனதையும், பெயர்களைச் சரிபார்த்ததையும், முடிவு எங்கே நிற்கிறது, எங்கே நிற்கவில்லை என்பதையும் ஒன்றையும் பூசாமல் சொன்னார். 'தம்பிகிட்ட என்ன மரியாதை' என்று பெரியவர் கேட்டதை ஆங்கிலத்தில் சொன்னபோது தேர்வாளர் குறிப்பெடுத்துக்கொண்டார். இனி இந்த ஆராய்ச்சியை எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று கேட்டார். இனிமேல் பெயரைப் பார்ப்பதில்லை, ஆட்களிடம் போய்க் கேட்கிறேன் என்றார் மாணவி. வேறு யாருக்காவது கேள்வி உண்டா என்று சபையைப் பார்த்தார் தேர்வாளர். பின்வரிசையில் ஒருவர் கை தூக்கினார். எனக்கு உயிர் போய் வந்தது. சாப்பாடு எந்த ஹாலில் என்று கேட்டார்.

தேர்வாளர் திருத்தத்தை ஆய்வேட்டோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். மறுபடி சமர்ப்பிக்கச் சொல்லவில்லை. பட்டத்துக்குப் பரிந்துரைத்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த மாதம் அந்த நிரந்தர இடம் என் மாணவிக்குக் கிடைத்தது.